மேட்டில் நின்ற கார்

மண்ணெண்ணெயும் பழைய இரும்புத் துருவும் கலந்த நெடி மூக்கில் பட்டால், அலுவிகாரையில் எங்கள் வீட்டு முற்றத்தில் பின்பக்கம் தூக்கி நிறுத்தப்பட்ட கறுப்புக் காரும், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அதன் அருகே குந்தியிருந்த வாப்பாவும்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். அறுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்குப் பதினொரு வயது. வாப்பா "ஹயரிங் கார்" ஓட்டினார். பிரசவ வலி கண்ட பெண்களை மாத்தளை ஆஸ்பத்திரிக்கும், மாப்பிள்ளை வீட்டாரைப் பலாபத்வலைக்கும், வாரத்தில் இரண்டு நாள் வியாபாரிகளை மலைப்பாதை ஏறி லக்கல பக்கத்துக்கும் கொண்டுபோய்விட்டு வருவது அவர் தொழில்.

வருடத்துக்கு ஒரு தடவை காரைப் பரிசோதகரிடம் காட்டி, அது தெருவில் ஓடத் தகுந்ததுதான் என்று கடதாசி வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் "எக்ஸாமினர்". லைட், ஹோர்ன் எல்லாம் பார்த்து முடிந்ததும், ஓர் ஏற்றத்தின் நடுவில் காரை நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுக்கச் சொல்வார். முந்தைய வருடம், வாப்பா அந்தக் கைப்பிரேக் கம்பியை முடிந்த மட்டும் இழுத்தும் கார் மெல்ல மெல்லப் பின்னால் வழுக்கிப் போய்விட்டது. சரிபார்த்துக்கொண்டு திரும்ப வரச் சொன்னார்கள். வரிசையில் நின்ற மற்ற டிரைவர்மார் சிரித்தார்களாம். அன்று வாப்பா பகல் சோற்றைத் தொடவில்லை.

அதனால் இந்தத் தடவை, பரிசோதனைக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வேலையைத் தொடங்கிவிட்டார். முன் சில்லுகளுக்குக் கல் வைத்துவிட்டு, "ஜக்கு" போட்டுப் பின்பக்கத்தை உயர்த்தினார். சில்லின் உட்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த, பிரேக்கை இறுக்கும் சிறு ஆணியை மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, சில்லு சுற்றாமல் இறுகிப்போகும் வரை முறுக்க வேண்டும். பிறகு அது உரசாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் கொஞ்சமாய்த் தளர்த்த வேண்டும். அதிகம் தளர்த்தினால் பிரேக் பிடிக்காது, குறைத்துத் தளர்த்தினால் ஓடும்போது சூடேறும். அந்த அளவைக் கண்ணால் பார்க்க முடியாது. காதால்தான் பிடிக்க வேண்டும்.

நான் சில்லைச் சுற்றினேன். "சர்ர்" என்று மெல்லிய உரசல் கேட்டது.

"உரசுது வாப்பா" என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"இல்லையே. நல்லாத்தானே சுத்துது மகள்" என்றார்.

மறுபடியும் சுற்றினேன். மறுபடியும் உரசியது. வாப்பா ஸ்பெனரைக் கீழே வைத்துவிட்டு அடுத்த சில்லுக்குப் போக எழுந்தார். குசினி ஜன்னலில் நின்ற உம்மா, "எனக்கு இங்க கேக்குது, பக்கத்துல இரிக்கிற உங்களுக்குக் கேக்கலியா?" என்று சிரித்தபடி கேட்டார். வாப்பா திரும்பவில்லை. உம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

அவர் இறங்கி வந்து வாப்பாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, மெதுவான குரலில், "தேத்தண்ணி ஊத்தவா?" என்றார். பதிலில்லை. இன்னொரு தரம் கேட்டார். அதற்கும் இல்லை. இவ்வளவு காலமும் வாப்பா ஏதோ யோசனையில் இருக்கிறார், அதனால்தான் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று நாங்கள் எண்ணியிருந்தோம். உம்மா மண்ணில் உட்கார்ந்து, வாப்பாவின் கையைப் பிடித்துச் சில்லின் மேல் வைத்து, மறு கையால் அதைச் சுற்றிவிட்டார். உள்ளங்கையில் அந்த உரசல் தட்டியதும் வாப்பா உம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கண்டுபிடிக்கப்பட்டவனின் வெட்கம் இருந்தது.

"எவ்வளவு நாளா?" என்று உம்மா உரத்துக் கேட்டார்.

"ஒரு வருசம் இரிக்கும். முன்னுக்கு வாறதக் கண்ணு பாக்கும். நான் சமாளிப்பேன்."

"முன்னுக்கு வாறதக் கண்ணு பாக்கும். பின்னுக்கு வாற லொறியை யாரு பாக்கிற?"

வாப்பா கையை வைத்து வைத்தே இரண்டு சில்லுகளையும் சரிசெய்தார். பிறகு உள்ளே ஏறி, கம்பி மூன்றாவது "கடக்"கில் இறுகும்படி கேபிளின் நட்டுகளை முறுக்கினார்.

மறுநாள் காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகவிருந்த என்னை உம்மா பின்சீட்டில் ஏற்றிவிட்டார்.

கார் ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருந்தது. பின்னால், தெருவோரத்தில் நின்ற எக்ஸாமினர், "நவத்தன்ன!" என்று சிங்களத்தில் நிறுத்தச் சொல்லிக் கத்தினார். வாப்பா ஏறிக்கொண்டே போனார். இரண்டாம் தரமும் கத்தினார். மூன்றாம் தரம் நான் முன்சீட்டுக்கு மேலாகச் சாய்ந்து, வாப்பாவின் காதருகே, "நிக்கச் சொல்றார்!" என்றேன். வாப்பா நிறுத்தி, கம்பியை மூன்று "கடக்" இழுத்துவிட்டுக் காலை எடுத்தார். கார் அசையவில்லை. எக்ஸாமினர் வந்து முன்புறத்தில் கை வைத்துப் பின்னால் தள்ளிக்கூடப் பார்த்தார். பிறகு என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கடதாசியில் கையெழுத்துப் போட்டார்.

திரும்பும் வழியில் வாப்பா ஒரு மரநிழலில் காரை நிறுத்தினார்.

"மகள், அவர் எத்தன தரம் கூப்பிட்டார்?"

ஒரு தரம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் முகம் தெளிந்திருக்கும். "மூணு தரம்" என்றேன்.

வீட்டுக்கு வந்து கடதாசியை உம்மாவின் கையில் கொடுத்தவர், "கார் பாஸ். நான் பாஸாகல்ல" என்றார். அந்த வாரமே லக்கலப் பயணங்களை நிறுத்தினார். அடுத்த மாதம் உம்மாவின் தம்பி காரை ஓட்டத் தொடங்கினார்; வாப்பா மிளகும் கராம்பும் வாங்கி விற்கப் போனார். ஏன் விட்டாய் என்று கேட்டவர்களிடம் முதுகுவலி என்றார். நாங்கள் மூவரும் அந்த முதுகுவலியைக் காப்பாற்றினோம்.

அந்தக் கார் எப்போதோ பழைய இரும்பாகப் போயிற்று. தெருவை அகலமாக்கியபோது அந்த ஏற்றத்தையும் வெட்டிச் சமப்படுத்திவிட்டார்கள். போன மாதம் என் மகனின் வாகனத்தைப் பரிசோதிக்கக் கொண்டுபோனபோது யந்திரமே பிரேக்கைப் பார்த்துச் சீட்டடித்துக் கொடுத்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகிப் பல வருடங்களாகிவிட்டன. அன்று நான் உண்மை சொன்னதற்காக வாப்பா என்மேல் வருத்தப்பட்டாரா என்று கேட்க எனக்குத் துணிவு வந்தபோது, அவருக்குச் சுத்தமாகக் காது கேட்காமல் போயிருந்தது. கத்திக் கேட்கிற கேள்வியுமல்ல அது.