டிரம் சத்தத்தில் பழகிய தொண்டையோடு தாடிக் கொக்கு பார்க்கப் போனோம்

ஆம்பூர் பக்கம் தோல் பதனிடும் ஷாப் வேலை தெரிந்தவர்களுக்கு எத்தியோப்பியா புது ஊர் இல்லை. தெருவில் யாராவது ஒருவர் போய்வந்திருப்பார். நானும் மாதனூர் சேகரும் அங்கே மோஜோ என்ற ஊரில் தோல் ஷாப்பில்தான் இருக்கிறோம். ஆகஸ்டில் பாய்லர் பழுதாகி மூன்று நாள் லீவு கிடைத்ததும் பாலே மலைக்குக் கிளம்பினோம். அங்கே தாடி வைத்த கொக்கு இருக்கிறது என்று சேகர் போனில் சொல்லப்போக, அவன் மச்சான், "மீசை இல்லியா?" என்று சிரித்துவிட்டான். போட்டோ அனுப்பியே தீர வேண்டும் என்று இவனுக்கு வீம்பு.

வாடகை வண்டியில் காலை ஐந்துக்குக் கிளம்பி மதியம் இரண்டுக்கு அடிவாரம் சேர்ந்தோம். மறுநாள் வழிகாட்டி தஸ்ஃபாயேவோடு ஏறினோம். மழைக்காலக் குளிர், பல் கிட்டித்தது.

மேலே ஒரு சதுப்பு. நடுவில் புல்லைக் குவித்த மேடு, சுற்றிலும் தண்ணீர். மேட்டில் ஒரு கொக்கு அடைகாக்க, ஜோடி தள்ளி நின்று சேற்றைக் கிளறிக் கிழங்கு தின்றது. நம் நெல் வயலில் கோரைக்கிழங்கு பிடுங்கி முதுகு விட்டுப்போகுமே, அந்த ஜாதிக் கிழங்குதான். இந்தக் கொக்கு நாலு இருந்தால் களையெடுக்க ஆள் தேட வேண்டாம். நின்றால் என் காது உயரம். வெள்ளைக் கழுத்து, சாம்பல் முதுகு, கறுப்பு வயிறு, முகத்தில் சிவப்புத் தோல், தாடைக்குக் கீழே இரண்டு தொங்கல். ஒன்றோ இரண்டோ முட்டைதான் இடும், இரண்டு இட்டாலும் ஒரு குஞ்சைத்தான் வளர்க்கும் என்றார் தஸ்ஃபாயே.

"அண்ணா, இன்னாண்ணா இது, கம்மல் போட்டாப்புல தொங்குது!" என்றான் சேகர்.

"டேய், மெதுவா பேசுடா!" என்றேன்.

இரண்டுமே கத்தல்தான். தோல் உருளும் டிரம் சத்தத்துக்கு நடுவே வருஷக்கணக்காய்ப் பேசிய தொண்டைக்கு மெதுவென்றால் அதுதான். அடைகாத்த கொக்கு எழுந்து நின்றது. "அப்டியே நில்லு கண்ணு" என்று சேகர் போனை நீட்டி முன்னே போனான். அது தண்ணீரில் இறங்கி நடந்துவிட்டது. மேட்டில் ஒற்றை முட்டை.

தஸ்ஃபாயேவின் முகம் மாறிவிட்டது. இந்தக் குளிரில் முட்டை சில்லிட்டால் அவ்வளவுதான், இந்த வருஷம் இந்த ஜோடிக்குக் குஞ்சு இல்லை என்றார். வாயைத் திறக்கவே பயம். ஷாப்பில் டிரம் பக்கம் கையால்தானே பேசுவோம், அந்த ஜாடையிலேயே பேசிக்கொண்டு பாறை மறைவுக்குப் பின்வாங்கினோம்.

தூறல் வலுத்தது. கொக்கு கிட்டே வரும், எங்கள் பக்கம் கழுத்தை நீட்டும், திரும்பிப்போகும். கடைசியில் மேடேறி, அலகால் முட்டையைப் புரட்டிவிட்டு, சிறகை விரித்து நின்றது. தாடி பளிச்சென்று தெரிந்தது. சேகர் போனைத் தூக்கினான். நான் உள்ளங்கையைக் கவிழ்த்தேன். டிரம்மை நிறுத்து என்பதற்கு அதுதான் ஜாடை. ஒரே ஒரு விரலைக் காட்டிக் கெஞ்சினான். அப்புறம் அவனே போனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். கொக்கு முட்டைமேல் உட்கார்ந்தது.

போகிறவர்கள் ரெயின்கோட், ரப்பர் பூட்ஸ், பைனாகுலர் எடுத்துக்கொள்ளுங்கள். வழிகாட்டி நிறுத்திய இடத்தைத் தாண்டாதீர்கள். அடைகாக்கும் கொக்கு எழுந்து நின்றால் போட்டோவுக்கு நிற்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். முட்டையை விட்டுக் கிளம்பப்போகிறது என்று அர்த்தம். அதற்குள் நாம் கிளம்பிவிட வேண்டும்.