லோடு சீட்டு அடித்தவர்

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுக் கம்பெனி ஒன்றுக்கு, எந்த லாரியில் எத்தனை பெட்டி என்று லோடு சீட்டு அடிக்கும் புரோகிராமை 'சி' என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை இயக்கியவருக்கு ஐம்பது வயதிருக்கும். வெடிமருந்துக் கலவை அறையிலிருந்து ஆபீசுக்கு மாற்றப்பட்டவர். நகக்கண்ணில் அலுமினியப் பொடி இன்னும் மின்னும். சோப்புப் போட்டுக் கழுவாமல் கீபோர்டில் கை வைக்கமாட்டார்.

தீபாவளி சீசனில் தினமும் மதியம் கம்ப்யூட்டர் நின்றுபோனது. லாரிகள் காத்துக் கிடந்தன. முதலாளி அவரைத் திட்டித் தீர்த்துவிட்டு என்னை வரச் சொன்னார்.

"ஏங் கையில இருந்த பொடி உள்ள போயிருக்குமோ சார்?" என்று பயத்தோடு கேட்டார் அவர்.

புரோகிராமைத் திறந்ததுமே எனக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு சீட்டுக்கும் மெமரியில் இடம் எடுத்த நான், சீட்டு அச்சானதும் அதை விடுவிக்கும் வரியை எழுதவே இல்லை. சீட்டுகள் கூடக் கூட மெமரி நிரம்பி எல்லாம் நின்றிருக்கிறது. சத்தமில்லாமல் அந்த ஒரு வரியைச் சேர்த்தேன்.

முதலாளி வந்து, "யாரு தப்பு தம்பி?" என்றார்.

"தட்டுறதுலதான் ஏதோ தப்பு, அண்ணாச்சி" என்றேன். பக்கத்தில் நின்றவர் தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

அடுத்த வாரம் போனபோது அவர் இடத்தில் வேறொருவர் இருந்தார். அவரைப் பழையபடி மருந்து அறைக்கே அனுப்பிவிட்டார்களாம். நான் திரும்பும்போது கேட் அருகே என்னைப் பார்த்ததும் அவர் ஓடி வந்தார்.

"இப்ப நிக்காம ஓடுதாம்ல சார்? நீங்க நல்லாத்தான் எழுதியிருக்கீக. எனக்குத்தான் தெரியல."

"ஆமா" என்றேன். அதைவிடக் கேவலமான சொல்லை என் வாழ்க்கையில் நான் சொன்னதில்லை.