கழுத்துக்கு ஒரு கிளியரிங் ஏஜென்ட்

போன மாதம் என் வீட்டுக்காரரைப் பல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கடைவாய்ப் பல்லில் வலி. டிவி சத்தம் ஆகாது, குழம்பில் காரம் ஆகாது, நான் வாயைத் திறந்தாலும் ஆகாது... பல் வலி வந்த ஆண்பிள்ளையோடு குடித்தனம் நடத்தியவர்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

டாக்டர் சின்னப் பெண். ஓபிஜி எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். தெரியும்தானே? நாம் ஆடாமல் அசையாமல் நிற்க, மெஷின் தலையைச் சுற்றி வலம் வரும். மொத்தத் தாடையும் ஒரே படத்தில் விழும்.

படத்தைப் பார்த்தவர் பல்லை விட்டுவிட்டார். அதற்கும் கீழே, கழுத்துப் பக்கம் விரலை வைத்தார்.

"சார், இங்கே வெள்ளையா திட்டுத் திட்டா தெரியுது பாருங்க. மூளைக்கு ரத்தம் போற குழாய் இந்தப் பக்கம்தான் இருக்கு. அதுல கால்சியம் படிஞ்சிருக்கலாம். அப்படி இருந்தா, பின்னாடி பக்கவாதம் வர வாய்ப்பு உண்டு. கழுத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க."

எனக்குப் 'பக்கவாதம்' மட்டும்தான் காதில் விழுந்தது. அவருக்கு? தொழில் ஞாபகம் வந்துவிட்டது!

சொல்ல மறந்துவிட்டேனே — அவர் தூத்துக்குடி ஹார்பரில் கிளியரிங் ஏஜென்ட். கன்டெய்னரை ஸ்கேன் செய்யும்போது புரியாத நிழல் ஏதாவது தெரிந்தால், பெட்டியைத் திறந்து காட்டச் சொல்வார்கள் கஸ்டம்ஸ்காரர்கள். திறந்தால் தாமதம், தலைவலி. "அது ஒண்ணுமில்ல சார்" என்று பேசிப் பேசியே பெட்டியை வெளியே கொண்டுவருவதில் மனிதர் கில்லாடி.

"அது ஒண்ணுமில்ல டாக்டர்," என்று ஆரம்பித்தார். "கழுத்துல மாதா சுரூபம் போட்டிருந்தேம்லா? அதான் படத்துல விழுந்திருக்கு."

நான் கையை விரித்துக் காட்டினேன். செயினும் அதில் தொங்கும் சுரூபமும் என் உள்ளங்கையில் இருந்தன. எக்ஸ்ரேக்கு முன்னால் அவரேதான் கழற்றிக் கொடுத்தார்.

"சரி... ஏதாவது எலும்பா இருக்கும்."

"இருக்கலாம் சார். அந்த இடத்துல வேற சிலதும் இப்படித் தெரியும். இந்தப் படத்தை மட்டும் வச்சு உறுதியா சொல்ல முடியாது. அதனாலதான் ஸ்கேன்."

கடைசி வாக்கியம் அவர் காதில் ஏறவேயில்லை. "பாத்தியாளா! டாக்டருக்கே உறுதியில்ல. கெளம்பு!"

வீட்டுக்கு வந்ததும் படத்தைப் போனில் பிடித்து, ஹார்பர் நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். பதில்கள் வந்து குவிந்தன. 'பேக்கிங் மெட்டீரியல்தான் அண்ணாச்சி!' 'தாராளமா ரிலீஸ் பண்ணலாம்.' பெட்டிக்குள் முந்திரியா மரக்கட்டையா என்று பார்க்கிற கூட்டம், என் புருஷனின் ரத்தக்குழாயை கிளியர் செய்துகொண்டிருந்தது!

கெஞ்சினேன், அழுதேன், பேசாமலும் இருந்து பார்த்தேன். எனக்குப் பயம். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இவர் விழுந்துவிட்டால், தூக்கி நிறுத்த நான் ஒருத்திதான். பிள்ளைகள் இருப்பதோ கடல் தாண்டி.

கடைசியில் எதிர்வீட்டுப் பொன்னையா சாரைக் கூப்பிட்டேன். நாசரேத் ஊர்க்காரர், கஸ்டம்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் டியூட்டியில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் அவருக்கு நடந்த அர்ச்சனை கொஞ்சநஞ்சமல்ல. எந்தப் பேச்சுக்கும் மசியமாட்டார் என்பதுதான் அவர் செய்த குற்றம்.

பொன்னையா சார் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அது ஒண்ணுமில்ல சார்," என்றார் இவர், பழக்கதோஷத்தில்.

"என்னதுன்னு உமக்குத் தெரியுமாவே?"

"தெரியாது..."

"எனக்கும் தெரியாது. தெரியலன்னா தொறந்து பாக்கணும். உம்ம பெட்டிய என்னைக்காவது தொறக்காம விட்டிருக்கனா?"

அவ்வளவுதான். மனிதர் சட்டையை மாட்டிக்கொண்டு ஸ்கேனுக்குக் கிளம்பிவிட்டார். பெண்டாட்டியின் கண்ணீருக்கு இல்லாத மரியாதை கஸ்டம்ஸுக்கு!

டாக்டர் பெண் சந்தேகப்பட்டது சரிதான். ஒரு பக்கக் குழாயில் கால்சியம் படிந்து கொஞ்சம் அடைத்திருந்தது. நல்லவேளை, ஆபரேஷன் வரைக்கும் போகவில்லை. மாத்திரை கொடுத்தார்கள். சிகரெட்டுக்குத் தடை, கருவாட்டுக்கும் தடை. ஸ்கேன் சென்டருக்கு வெளியே, ரோட்டிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயமா இருந்துச்சுளா... அதான் அப்படிப் பேசிட்டுத் திரிஞ்சேன்," என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

யோசித்துப் பார்த்தால், நாம் எல்லோருமே நம் உடம்புக்கு கிளியரிங் ஏஜென்ட்தானே? மூச்சு வாங்கினால் வெயில், நெஞ்சு கரித்தால் புரோட்டா, தலை சுற்றினால் பித்தம்... எதையாவது சொல்லிப் பெட்டியைத் திறக்காமலே வெளியே எடுத்துவிடுகிறோம்.

இப்போது என்ன கூத்து தெரியுமா? அவர் கட்சி மாறிவிட்டார்! போன ஞாயிறு மாதா கோயில் பூசையில், எல்லோரும் சமாதானம் சொல்லிக் கைகூப்புகிற நேரம். இவர் பக்கத்து பெஞ்சுக்காரரின் கழுத்தை உற்றுப் பார்த்து, "ஏலே, நீ இதை ஸ்கேன் பண்ணிப் பாத்தியா?" என்கிறார். கோயிலே திரும்பிப் பார்க்கிறது.

மானம் போகிறது. போகட்டுமே... ஆள் இருக்கிறார்!