ஐந்நூற்று இருபது பவுண்டு காற்று

1933 மார்ச் 4: பாசிலியோ ஹிகேரா பிறப்பு, லா பாஸ்.
1957 ஜூன் 15: ஹசிந்தாவுடன் திருமணம்.
1969 மே 2: ‘லா பெர்லிட்டா’ படகில் முக்குளிப்பு வழிகாட்டியாகச் சேர்ந்தது.
1991 ஜூலை 11, வியாழன்: தனி வழிகாட்டிக்குக் கட்டணம் 90 டாலர்.
அன்று காலை 11.08: சிலிண்டரில் காற்று 3,000 பவுண்டு.
காலை 11.44: 320 பவுண்டு.
கணக்கில் வராதது: 520 பவுண்டு.

இந்தக் கடைசி எண் பதினேழு வருடம் எட்டு மாதம் பதில் இல்லாமல் கிடந்தது. அந்தப் படகின் பதிவேட்டை எழுதியவன் நான். யார் எப்போது இறங்கினார், எவ்வளவு ஆழம், எவ்வளவு காற்றோடு போய் எவ்வளவோடு திரும்பினார் என்று குறிப்பது என் வேலை. காற்றின் அழுத்தத்தை எங்கள் துறையில் பவுண்டில்தான் சொல்வோம். ஐந்நூறைத் தொட்டால் வழிகாட்டியும் பயணியும் மேலே வந்தாக வேண்டும். அதில் பேரம் கிடையாது.

பாசிலியோ ஒல்லி. காதுகள் மட்டும் பெரியவை. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பயணியையும் அவர் தொலைத்ததில்லை. அவர் தொலைத்ததெல்லாம் தண்ணீருக்கு மேலே நடந்தவைதான். ஊரில் எது நடந்தாலும் அவர் கடலுக்கு அடியில் இருப்பார். மனிதன் நிலாவில் இறங்கியபோது ஒரு மளிகைக்கடைக்காரரின் பல்செட்டைத் தேடித் தோணித்துறைக்கு அடியில் இருந்தார். மகளுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது சிக்கிக்கொண்ட நங்கூரம் ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார். ஞானத்தந்தையான நான்தான் குழந்தையை இரண்டு கையிலும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து அவர் என்னைக் ‘கொம்பாத்ரே’ என்று அழைப்பார். எங்கள் ஊரில் குழந்தையின் அப்பாவும் ஞானத்தந்தையும் ஒருவரையொருவர் அப்படித்தான் அழைத்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே அவருடைய கல்யாணப் படம். கடற்கரை நடைபாதையில் படம் எடுக்க நின்றபோது புகைப்படக்காரரின் கேமரா லென்ஸ் நழுவித் தண்ணீரில் விழுந்தது. மாப்பிள்ளை யோசிக்கவில்லை, குதித்துவிட்டார். புகைப்படக்காரர் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு வேறு லென்ஸை மாட்டிப் படத்தை எடுத்தார். படத்தில் மணப்பெண் இருக்கிறாள், பக்கத்தில் ஒரு ஜோடி கறுப்புக் காலணி இருக்கிறது. அந்தப் படம் இன்றும் அவர்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது.

ஹசிந்தாதான் எங்கள் படகில் சமையல். 1991 ஜூலையில் லா பாஸ் முழுவதும் வெளியூர்க்காரர்களால் நிறைந்திருந்தது. பதினொன்றாம் தேதி நண்பகலுக்குச் சற்று முன் ஆறு நிமிடத்துக்கு மேல் சூரியன் முழுதாக மறையும் என்று எல்லாருக்கும் தெரியும். ஹசிந்தா துறைமுகப் பட்டறையில் கெஞ்சி ஒரு வெல்டிங் கண்ணாடி வாங்கி வந்திருந்தாள். ஒரே கண்ணாடி, இரண்டு பேருக்கு. கர்ப்பிணிகள் கிரகணத்தன்று சிவப்புத் துணியும் ஊக்கும் அணிவது எங்கள் வழக்கம். படகில் சினையாக இருந்தது பூனை ஒன்றுதான். அதன் கழுத்தில் சிவப்பு நாடா கட்டி ஊக்கும் குத்தியிருந்தாள்.

பத்தாம் தேதி மாலை, மாச்சாக்கா என்ற உலர்ந்த மாட்டிறைச்சியைக் கிளறிக்கொண்டே புருஷனிடம் சொன்னாள்:

“கெழவா, முப்பத்திநாலு வருசமா ஒரு ஜோடி செருப்போட குடும்பம் நடத்துறேன். நாளைக்கு இருட்டுறப்போ நீ என் பக்கத்துல நிக்கணும். இல்லன்னா இந்தக் கண்ணாடிய செருப்புக்கிட்ட குடுத்துடுவேன்.”

அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. பாசிலியோவும் சிரிக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது.

மினசோட்டாவிலிருந்து வந்த ஹால்வர்சன் என்ற கம்பளக் கடைக்காரர் தனி வழிகாட்டி கேட்டுப் பணம் கட்டியிருந்தார். ஆள் பெரிய உருவம், நல்ல மனிதர். எல்லாரும் படகின் மேல்தளத்தில் நின்று கிரகணம் பார்க்க, தான் மட்டும் நாற்பது அடி ஆழத்தில் கடல்சிங்கங்களோடு இருக்கப்போவதாக ஊரில் முக்குளிப்புச் சங்கத்தாரிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். சங்கத்தின் மாத இதழில் அது அச்சாகியும் விட்டது. படகில் வழிகாட்டி ஒருவர்தான். தனியாக யாரையும் இறக்குவதில்லை.

பாசிலியோ பதிவேட்டு மேசைக்கு வந்து எனக்கு ஒரு காபியை ஊற்றி வைத்தார். அவர் எனக்குக் காபி ஊற்றியது அதுதான் முதல் முறை.

“கொம்பாத்ரே, அந்தாளு சிலிண்டர்ல ரெண்டாயிரத்தி எரநூறு மட்டும் நெரப்பிட்டு மூவாயிரம்னு எழுதேன்.”

மாட்டேன் என்றேன்.

“எட்டே எட்டு நூறு. யாரு பாக்கப் போறா?”

நான் பார்ப்பேன் என்றேன். அவர் காபியைத் திரும்ப எடுத்துத் தானே குடித்தார்.

“சரி, உன் எண்ண நீயே வச்சுக்க. நீரோட்டம் உன் பதிவேட்டுல இல்லயே?”

மறுநாள் லாஸ் இஸ்லோதெஸ் பாறைகளை ஒட்டி நங்கூரமிட்டோம். பத்தரைக்கு முன்பே சூரியனின் ஓரத்தில் கடித்தது போலத் தெரிந்தது. 11.08க்கு இருவரும் இறங்கினார்கள். பாறையின் தெற்குப் பக்கம் குளம் போல அமைதியாக இருந்தது. எந்த வழிகாட்டியும் அங்கேதான் கூட்டிப்போவார். பாசிலியோவின் குமிழிகள் வடக்கே திரும்பி, நீரோட்டத்துக்கு நேர் எதிராக நகர்வதை நான் மேலிருந்து பார்த்தேன். கம்பளக் கடைக்காரரை மூச்சு வாங்க வைத்துச் சீக்கிரம் காற்றைத் தீர்ப்பதுதான் அவர் திட்டம். விதிப்படி ஒரு தவறும் இல்லை. பயணி கேட்ட இடம், கேட்ட ஆழம்.

11.30க்கு வெளிச்சம் பழுப்பாக மாறியது. காற்று சில்லிட்டது. கடல்சிங்கங்கள் ஒவ்வொன்றாகப் பாறையில் ஏறின. ஹசிந்தா ஏணிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் வெல்டிங் கண்ணாடி, காலடியில் பூனை. 11.40க்கும் யாரும் வரவில்லை. அவள் குனிந்து மேல்தளத்தில் கிடந்த பாசிலியோவின் செருப்புகளை எடுத்துத் தன் பக்கத்தில் ஜோடியாக வைத்தாள்.

11.44க்கு இரண்டு தலைகள் தெரிந்தன. பாசிலியோ முதலில் ஹால்வர்சனை ஏற்றிவிட்டு, காற்றளவை எனக்குக் காட்டினார். 320. முகத்தில் அவ்வளவு வருத்தம் இருந்தது.

“பாவம், நீரோட்டம் அதிகம்,” என்றார். ஹால்வர்சனின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். ஹால்வர்சனும் எவ்வளவு தூரத்திலிருந்து வந்தும் இப்படி ஆகிவிட்டதே என்று உரக்க வருத்தப்பட்டார். இரண்டு பேரும் வருத்தப்பட்ட அழகைப் பார்த்துப் பூனைகூட எழுந்து நின்றது.

11.47க்கு இருண்டது. நேரமும் வெப்பநிலையும் குறித்துக்கொண்டிருந்ததால் நான் மொத்தம் நான்கு நிமிடம்தான் மேலே பார்த்தேன். சூரியன் இருந்த இடத்தில் கறுப்பு வட்டம், சுற்றிலும் வெள்ளை முடி போல ஒளி. கூழைக்கடாக்கள் வரிசையாகக் கூடு திரும்பின. பாறையில் நூறு கடல்சிங்கங்கள் ஒரு சத்தமும் போடவில்லை. ஹசிந்தா செருப்புகளைக் காலால் தள்ளிவிட்டாள். அந்த இடத்தில் சொட்டச் சொட்ட பாசிலியோ நின்றார். 11.53க்கு வெளிச்சம் வந்தபோது அவள் சொன்னது ஒன்றுதான்:

“கெழவா, என் பாவாடையெல்லாம் ஈரம்.”

இதற்குப் பிறகு பாசிலியோவைத் தாங்க முடியவில்லை. ஒரு அமெரிக்கரை நீரோட்டத்தை வைத்தே ஏமாற்றிய கதையை லா பாஸில் மூன்று மதுக்கடைகளில் சொன்னார். ஒவ்வொரு முறையும் நீரோட்டம் வேகமானது. எனக்கு மட்டும் அந்தக் கதையில் ஒரு இடம் இடறியது. ஹால்வர்சன் முந்தைய நாள் முக்குளிப்புகளில் நிமிடத்துக்கு 45 பவுண்டு காற்று எடுத்தார். முப்பத்தாறு நிமிடத்துக்கு 1,620. எதிர்நீச்சலுக்கு மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 2,160. சிலிண்டரில் 840 மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சியது 320. சிலிண்டரை இரண்டு முறை தண்ணீரில் அமிழ்த்திச் சோதித்தேன், கசிவு இல்லை. காரணம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

ஹால்வர்சன் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து எழுதுவார். பதினெட்டு வாழ்த்துகள் என்னிடம் இருக்கின்றன. அதற்குப் பிறகு, கிறிஸ்துமஸ் இல்லாத ஒரு மாதத்தில், நடுங்கிய கையெழுத்தில் மூன்று பக்கக் கடிதம் வந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு பாசிலியோ வீட்டுக்குப் போய் வாசித்துச் சொன்னேன்.

தண்ணீருக்கு அடியில் வெளிச்சம் வடியத் தொடங்கியதும் தனக்குப் பயம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தார். ஒரு பெரிய ஆண் கடல்சிங்கம் பக்கத்தில் வந்து முகத்தைப் பார்த்ததாம். மேலே போகலாம் என்று சைகை காட்டினால் சங்கத்தில் தலைகாட்ட முடியாது. காற்று தீர்ந்துவிட்டால் மானம் தப்பும். அதனால் அவசரத்துக்கென்று சிலிண்டரில் மாட்டியிருக்கும் உதிரி வாய்க்குழாயை முதுகுக்குப் பின்னால் பிடித்து, அதன் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தி அழுத்திக் காற்றைக் கடலுக்கு விட்டிருக்கிறார். அந்த நல்ல வழிகாட்டியை ஏமாற்றியது இத்தனை வருடமும் உறுத்தியதாகவும், தன் சார்பில் அவரிடம் மன்னிப்புக் கேட்கும்படியும் எழுதியிருந்தார்.

பாசிலியோ கல்யாணப் படத்தைப் பார்த்தார்.

“அப்போ நான் எதிர்நீச்சல் போட்டது?”

கணக்கைச் சொன்னேன். நீரோட்டம் மட்டும் என்றால் 11.49க்குத்தான் ஐந்நூறைத் தொட்டிருப்பார்கள். மெதுவாக ஏறி, மேலே வரும் வழியில் பாதுகாப்புக்காக நிற்க வேண்டிய மூன்று நிமிடமும் நின்று, ஏணியில் கால் வைக்கும்போது 11.53.

“வெளிச்சம் வந்திருக்கும்,” என்றார்.

ஆமாம் என்றேன்.

“கொம்பாத்ரே, இது அவ காதுக்குப் போக வேணாம்.”

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. “போயாச்சு. அந்த மனுசனுக்கு நல்ல பதிலா எழுதிப் போடுங்க. என் பக்கத்துல இந்த ஆள நிக்க வச்சது அவருதானே.”

பதில் எழுதிப் போட்டேன். ஹால்வர்சனிடமிருந்து அதற்குப் பிறகு எதுவும் வரவில்லை. பதிவேட்டில் 520க்கு எதிரே, காரணம் என்ற கட்டத்தில், ‘பயணியின் கட்டைவிரல்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். ஆதாரம் என்ற கட்டத்தில் கடிதம் வந்து சேர்ந்த நாளை எழுதினேன்: 2009 மார்ச் 17, செவ்வாய்.