சும்மா தொங்கிய கேபிள்

மார்ச் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை. வழக்கம்போல் காலை நடை முடித்து, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, மேசைகளைத் துடைக்கத் தொடங்கினேன். பழைய தங்கச் சுரங்கப் பகுதியான மைசூர் மைன்ஸில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் இணைய ரவுட்டரும், இணைப்பைப் பல கேபிள்களுக்குப் பிரித்துத் தரும் ஸ்விட்ச் என்ற பெட்டியும் இருக்கின்றன. முந்தின நாள்தான் என் மகள் கவிதா அவற்றைப் பொருத்தியிருந்தாள். நான் துடைத்துக்கொண்டிருந்தபோது அவள் தன் அறைக்குள் கம்ப்யூட்டர் வழியாக ஒரு நேர்முகத் தேர்வில் இருந்தாள். வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை. கிடைத்தால், பெங்களூருக்குத் தினமும் ரயிலில் நின்றுகொண்டே போகும் பாடு தீரும்.

ஸ்விட்சில் ஒரு முனை மாட்டியிருந்த கேபிளின் மறுமுனை சும்மா தொங்கியது. எந்தப் பொருளும் அப்படித் தொங்குவது எனக்குப் பொறுக்காது. அதே ஸ்விட்சில் காலியாக இருந்த துளையில் அதையும் செருகினேன். எல்லா விளக்குகளும் படபடவென்று மின்னின. இப்போதுதான் சரியாக ஓடுகிறது என்று திருப்திப்பட்டேன்.

"அப்பா, நெட்டு போச்சி!" என்று கவிதா அலறினாள்.

சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். "இன்னா பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல. தொங்கினதை அழகா சொருகி வெச்சேன்."

"அது போதாதா?"

ஓடி வந்த கவிதா கேபிளைப் பிடுங்கினாள். "ரெண்டு முனையும் ஒரே பெட்டியில சொருகினா, உள்ள போனதெல்லாம் அங்கயே சுத்திக்கினு இருக்கும்பா. வேற எதுக்கும் வழி கெடைக்காது."

இணைப்பு திரும்பியதும், என்ன ஆயிற்று என்று தேர்வாளர்கள் கேட்டார்களாம். இவள் காரணத்தையும் சரிசெய்த விதத்தையும் சொன்னாளாம். நெட்வொர்க் பராமரிக்கும் வேலை அது. அடுத்த சுற்றுக்கு அழைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை, துடைக்கும் துணியோடு முதலில் கவிதாவின் அறைக்கதவைத் தட்டினேன். "அந்தப் பெட்டியில தூசி மட்டும் தட்டிக்கலாமாம்மா?"

"தொடாம ஊதுங்கப்பா!"