உங்களை இங்கே யாருக்குத் தெரியும்?

போன வியாழக்கிழமை பிற்பகல், ஹீத்ரோ விமான நிலையத்தில், ஒரு பெண் அதிகாரி என்னிடம் கேட்டார்: "உங்களை இங்கே யாருக்குத் தெரியும்?"

கேட்டது ஆங்கிலத்தில். குரலில் கோபம் இல்லை. என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். மூக்கு நுனியில் கண்ணாடி. அதற்கு மேலால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தொன்பது வருடம் இந்த நகரத்தில் குடியிருப்பவள் நான். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவள். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எவ்வளவு நேரம் வேண்டும்?

வாயைத் திறந்தேன்... ஒரு பெயரும் வரவில்லை.

உங்களில் சிலர் கவனித்திருப்பீர்கள். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியில் கொஞ்சக் காலமாக பஸ், ட்ரெயின், கவுன்சில் குப்பைத்தொட்டி எல்லாம் குறைந்துவிட்டன. காரணம், நான் இங்கே இல்லை. இருபது மாதம் யாழ்ப்பாணத்தில் அண்ணாவோடு இருந்தேன். அவருக்குப் பக்கவாதம். அண்ணி முன்பே போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. மூன்று மாதத்தில் வந்துவிடலாம் என்று நினைத்துத்தான் போனேன். மூன்று ஆறானது. பிறகு நான் மாதங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன்.

அண்ணா போனார். காரியங்களை முடித்து, வீட்டைப் பூட்டிவிட்டு விமானம் ஏறினேன்.

இதை ஏன் அப்போதே உங்களுக்குச் சொல்லவில்லை? கூச்சம்தான். அடுத்தவர் பஸ்ஸைத் தவறவிட்ட கதையை இரண்டு பக்கம் எழுதுவேன். என்னுடைய கதை என்றால் பேனா நின்றுவிடும்.

சரி, அதிகாரியிடம் வருவோம். எங்கள் உரிமைக்கு நிரந்தரம் என்று பெயர். ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் நின்றால் அந்த நிரந்தரம் முடிந்துவிடும்! நான் நின்றது இருபது மாதம். சட்டப்படி பிழை இல்லை. என்றாலும் அவருக்கு ஒரு சந்தேகம் வரத்தானே செய்யும்... இவள் உண்மையாகவே இங்கே வாழ்கிறவளா, இல்லை உரிமை பறிபோகாமலிருக்க வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகிறவளா?

அவர் நம்பாவிட்டால் திருப்பி அனுப்பலாம். எங்கே அனுப்புவார்? அங்கே எனக்கு இருப்பது ஒரு பூட்டிய வீடு.

"யார் உங்களைக் கூட்டிப்போக வருகிறார்கள்?"

"ஒருவரும் இல்லை. ட்ரெயினில் போவேன்."

"எங்கே?"

"பிளேஸ்டோ. முன்பு இருந்த வீட்டிலேயே அறை எடுத்திருக்கிறேன்."

"அந்த வீட்டில் வேறு யார்?"

"இன்னும் ஐந்து பேர்."

"அவர்களுடைய பெயர்கள்?"

மேல் அறையில் ஒரு உயரமான மனிதர். எந்த நேரமும் முட்டை பொரிப்பார். பின் அறையில் இருமிக்கொண்டே இருக்கும் ஒருவர். இதையா சொல்வது? அவர்களும் இப்போது அங்கே இருப்பார்களோ, தெரியாது.

வேலை என்ன என்று கேட்டார். விடியற்காலையில் அலுவலகங்கள் சுத்தம் செய்கிற வேலை என்றேன். அந்த வேலை இன்னும் இருக்கிறதா? திரும்பி வரலாம் என்று ஏஜென்சி சொன்னது. கடிதம் இருக்கிறதா? இல்லை, போனில்தான் சொன்னார்கள்.

வீட்டுக்காரரின் நம்பரைக் கொடுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மகளின் கலியாணத்துக்குக் கனடா போயிருக்கிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"வேறு யாராவது?"

இந்த இடத்தில் நீங்கள் கேட்கலாம், பத்திரிகை ஆசிரியர் இருக்கிறாரே என்று. அவரை நான் நேரில் கண்டது இரண்டே தடவை. அவருக்குத் தெரிந்தது என் புனைபெயர்தான். நீங்களும் இருக்கிறீர்கள். கடிதம் போடுகிறீர்கள், சுகம் விசாரிக்கிறீர்கள். ஆனால் நீங்கள் விசாரிக்கிற அந்தப் பெயர் என் பாஸ்போர்ட்டில் இல்லையே...

இந்த நாட்டுக் குடியுரிமைக்கு நான் விண்ணப்பிக்காததற்கும் இதுதான் காரணம். அந்த விண்ணப்பத்தில், உங்களை நன்றாகத் தெரியும் என்று இரண்டு பேர் எழுதித் தரவேண்டும். இரண்டு பேர்! பல வருடமாக மேசை லாச்சியில் கிடக்கிறது அந்த விண்ணப்பம்.

என் போனை எடுத்து மேலும் கீழும் தள்ளினேன். மீன்கடை அண்ணை. தையல்கடை மாமி. போய்லர் தம்பி. பஸ் அக்கா. ஊரில் உள்ள எல்லாரும் எனக்குச் சொந்தம். ஒருவருக்கும் பெயர் கிடையாது.

பஸ் அக்காவில் விரல் நின்றது.

விடியப்புறம் ஐந்து மணிக்கு முன்னால் வருகிற பஸ்ஸில், கீழ்த்தட்டில், கதவுக்குப் பக்கத்து இருக்கையில் இருப்பவர். வேறொரு கட்டடத்தில் சுத்தம் செய்கிறார். பதினொரு வருடம் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போயிருக்கிறோம். அவருடைய முழங்கால் ஒப்பரேஷன் எனக்குத் தெரியும். மகனின் மனைவி சமைக்க மாட்டாள் என்பது தெரியும். இனிப்பு வருத்தம் என்கிற சர்க்கரை நோய்க்கு எத்தனை குளிசை போடுகிறார் என்பதுகூடத் தெரியும். ஊருக்குப் போன பிறகும் தொடர்பு விடவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் வாட்ஸப்பில் ஒரு பிள்ளையார் படம் அனுப்புவார். நான் பதிலுக்கு ஒரு முருகன் அனுப்புவேன். அவ்வளவுதான், ஒரு சொல் எழுதியது கிடையாது.

"இவருக்கு என்னைத் தெரியும்" என்றேன்.

"எவ்வளவு காலமாக?"

"பதினொரு வருடம்."

"நல்லது. பெயர்?"

...

எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒருவரிடம் பெயர் கேட்பதற்கு ஒரு கால எல்லை இருக்கிறது. முதல் நாள் கேட்கலாம். முதல் மாதமும் கேட்கலாம். மூன்று வருடம் கழித்துக் கேட்டால், இவ்வளவு நாளும் தெரியாமலா கதைத்தாய் என்று ஆகிவிடும். எங்கள் ஆட்களுக்கு அக்கா, அண்ணை என்று கூப்பிடும் வசதி இருக்கிறது. அதனால் அந்த எல்லை தாண்டிப் போனது யாருக்கும் தெரிவதில்லை.

"பதினொரு வருடம் தெரியும். ஆனால் பெயர் தெரியாது" என்று அதிகாரி திருப்பிச் சொன்னார். எழுதியும் கொண்டார்.

பிறகு ஸ்பீக்கரில் போட்டு அழைத்தார். நான் பேசக்கூடாது என்று கையால் காட்டினார். காட்டாவிட்டாலும் நான் பேசியிருக்கப் போவதில்லை.

"ஹலோ?" அக்காவின் குரல். இருபது மாதத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்கிறேன். கண் கலங்கிவிட்டது.

அதிகாரி தான் யார் என்பதைச் சொல்லி, என் முழுப்பெயரையும் அப்பாவின் பெயரோடு சேர்த்து, தட்டித் தடவி வாசித்தார். "இவரை உங்களுக்குத் தெரியுமா?"



"நோ."

"பிளேஸ்டோவில் இருப்பவர். உங்களோடு பஸ்ஸில்..."

"நோ, நோ. நோ பஸ். ஐ டோன்ட் நோ. சொறி."

வைத்துவிட்டார்.

"உங்களைத் தெரியாது என்கிறார்" என்றார் அதிகாரி. என் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார். அந்த மென்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கொஞ்சம் அதட்டியிருக்கலாம்.

சுவரோரம் இருந்த கதிரை வரிசையில் என்னை இருக்கச் சொன்னார்கள். பக்கத்தில் ஒரு ஆபிரிக்க முதியவர். அவருடைய போன் ஓயவில்லை. "மூன்று மகள்மார், மூவரும் வெளியே நிற்கிறார்கள், ஒருத்தி வைத்தால் அடுத்தவள் எடுக்கிறாள்" என்று என்னிடம் அலுத்துக்கொண்டார். என் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். அது அடிக்காமல் இருப்பதை அவர் பார்த்துவிடக் கூடாதே...

ஒன்றரை மணித்தியாலம். என்னால் யோசிக்க முடிந்தது ஒன்றுதான். அக்காவுக்கு என் பெயர் தெரியாது. நான் அவருக்கு வெறும் "தங்கச்சி". அவரில் என்ன குற்றம்? அவர் பெயர் எனக்கும்தானே தெரியாது! நியாயம் சரியாகத்தான் இருந்தது. நெஞ்சு கேட்கவில்லை.

அதிகாரி திரும்பி வந்தார். கொம்பியூட்டரில் என் பழைய வேலைப் பதிவுகள் எல்லாம் கிடைத்துவிட்டனவாம். எந்த வருடம் எந்தக் கம்பெனி, எவ்வளவு வரி, எல்லாம் அதில் இருந்ததாம். மனிதர்களுக்கு என்னைத் தெரியாவிட்டால் என்ன, கொம்பியூட்டருக்குத் தெரிந்திருந்தது.

"நீங்கள் போகலாம்" என்றார். "அடுத்த தடவை கடிதங்கள் கொண்டுவாருங்கள். உங்களைத் தெரிந்தவர்கள் எழுதிய கடிதங்கள்."

"ஓகே" என்றேன். வேறென்ன சொல்ல?

பிளேஸ்டோவில் என் பழைய அறையில் வேறு யாரோ. எனக்கு மாடியில் ஒரு சின்ன அறை. பெட்டிகளைத் திறக்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளையார் வரவில்லை. மத்தியானமும் வரவில்லை. சனி, ஞாயிறு கடையில் காசு கொடுத்தபோது "தாங்ஸ்" சொன்னதைத் தவிர நான் வாய் திறந்ததாக நினைவில்லை.

திங்கட்கிழமை ஏஜென்சி வேலைக்குக் கூப்பிட்டது. பழைய பட்ஜைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மேல்தட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.

அக்கா கண்டுவிட்டார். முகம் வெளிறியது. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் பார்த்தார்.

"பின்னால ஆரும் வருகினமோ?"

"ஆர் அக்கா?"

"சத்தம் போடாதையும். உள்ளுக்கு வந்து இரும்."

யன்னல் பக்கம் என்னைத் தள்ளி இருத்தி, தான் வெளிப்பக்கம் மறைத்தபடி இருந்தார். கம்பளிக் கோட்டில் அதே சித்தாலேப தைல வாசம்.

"வியாழக்கிழமை ஒரு போன் வந்தது. வெள்ளைக்காரப் பொம்பிளை. இமிக்கிரேசனாம். உம்மட பேரைச் சொல்லி, தெரியுமோ எண்டு கேட்டவ."

அக்கா இன்னும் கிட்டச் சாய்ந்தார்.

"நான் விடுவனே? தெரியாது எண்டு சொல்லிப்போட்டன். பஸ்ஸைப் பற்றியும் கேட்டவ. பஸ்ஸே இல்லை எண்டிட்டன்!" முகத்தில் அப்படியொரு பெருமை. "உம்மட நம்பரையும் அழிச்சாச்சு. பிள்ளையார் எல்லாரையும் அழிச்சாச்சு. என்ர போனைப் பறிச்சுப் பாத்தாலும் ஒண்டும் இராது."

"அக்கா... என்ர பேர் உங்களுக்குத் தெரியுமோ?"

"இதென்ன கேள்வி? பதினொரு வருசமா உம்மட கழுத்தில தொங்குது. எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு நினைச்சீரே?" பட்ஜை விரலால் சுண்டினார். "அவ உம்மட பேரைக் கொத்துரொட்டி மாதிரிக் கொத்தித்தான் சொன்னவ. எண்டாலும் எனக்கு உடன விளங்கிட்டுது."

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியது. அக்கா வெளியே பார்த்தபடி சொன்னார்: "ஒரே ஒருக்காத்தான் ஓம், தெரியும் எண்டு சொன்னனான். உமக்குச் சொல்லியிருக்கிறன்தானே."

சொல்லியிருக்கிறார். பல வருடத்துக்கு முன், ஒரு குளிர்காலத்தில். கதை நடந்தது ஊரில், யுத்த காலத்தில், அவருடைய இருபது வயதில். சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் ஒரு அடையாள அட்டையைக் காட்டி, இவனைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பெடியன். நல்ல பெடியன். தெரியும் என்று சொன்னால் உதவியாக இருக்கும் என்று நினைத்துத் தலையை ஆட்டியிருக்கிறார். அவன் பிறகு வீட்டுக்கு வரவில்லை. அதற்குப் பிறகு யார் வந்து யாரைக் கேட்டாலும் அக்காவிடம் ஒரே பதில்தான்.

நான் அவர் இடத்தில் இருந்திருந்தால்? அதைத்தான் சொல்லியிருப்பேன். எங்கள் ஆட்களில் எத்தனை பேர் அப்படிச் சொல்லாமல் விட்டிருப்பார்கள், சொல்லுங்கள்?

"இப்ப என்ன மாதிரி? பிரச்சினை ஒண்டும் இல்லையே?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. விட்டிட்டினம்."

"பாத்தீரே! நான் அப்பிடிச் சொன்னபடியால்தான்!"

இந்தத் தடவை "ஓம்" என்று சொல்லியிருக்க வேண்டும் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

"ஓம் அக்கா. நீங்கள் சொன்னபடியால்தான்."

அவர் இறங்க வேண்டிய இடம் நெருங்கியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். இப்போது விட்டால் இன்னொரு பதினொரு வருடம் போய்விடும் என்று தோன்றியது. கோட்டுக் கையைப் பிடித்து இழுத்தேன்.

"அக்கா, உங்கட பேர் என்ன?"

ஒரு கணம் முழித்தார். பிறகு பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கச் சிரித்தார். "இப்பதான் கேக்கிறீரோ? நல்ல ஆள்தான் நீர்!"

குனிந்து, ஒருவருக்கும் கேட்காமல், என் காதில் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அழகான பெயர். இங்கே எழுதமாட்டேன். உங்களுக்கு யாராவது போன் எடுத்து, அவரைத் தெரியுமா என்று கேட்டால்... உங்களுக்கும் தெரியாது, சரிதானே?