மச்சு அறைக்கு வைஃபை போன கதை

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அரிமளத்தில் எங்கள் வீட்டுச் சுவர்களுக்கு அது கிடையாது. அவ்வளவு தடிமன். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு மேஜையில் இருந்த ரூட்டரிலிருந்து கிளம்பும் வைஃபைக்கு முதல் முற்றத்தைத் தாண்டுவதற்குள் மூச்சு வாங்கிவிடும்.

என் மனைவிக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமான நாளிலிருந்து அவள் அங்கே ஹாஸ்டலில், நான் இங்கே உரக்கடையில். இந்த வருஷம்தான் வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி வாங்கி வந்தாள். முகப்பில் மட்டுமே சிக்னல் என்பதால் அங்கேயே உட்கார்ந்தாள். வருகிறவர்கள் எல்லாம் "என்னத்தா, சாப்ட்டியா?" என்று அவள் மீட்டிங்கில் தலையை நீட்டினார்கள். போதாக்குறைக்கு, இடி இடித்தால் அம்மா டிவி, ஃபிரிட்ஜ் என்று எல்லாப் பிளக்கையும் பிடுங்கிவிடுவாள். ஒருநாள் மீட்டிங் நடுவே ரூட்டரையும் பிடுங்கிவிட்டாள். திங்கட்கிழமை மீட்டிங்கிலும் இப்படி அறுந்தால் பெங்களூருக்கே திரும்பி வந்துவிட வேண்டும் என்று மேலாளர் கறாராகச் சொல்லிவிட்டார்.

விடுவேனா? புதுக்கோட்டைக்குப் போய்ப் புது ரூட்டரும், கூரையில் மாட்டினால் வைஃபையைப் பரப்பும் ஆக்சஸ் பாயிண்ட் மூன்றும் வாங்கி வந்தேன். லைன்காரரை வரவழைத்து ஃபைபர் ஒயரை நேரே இன்வெர்ட்டர் அறைக்கு மாற்றினேன். புது ரூட்டர் அங்கே குடியேறியது.

"செவுத்துல ஒரு ஓட்டை விழுந்துச்சு, அப்பறம் இருக்கு ஒனக்கு" என்றார் அப்பா. கல்யாணத்துக்கு சீரியல் லைட் கட்ட எங்கள் உத்திரங்களில் வரிசையாகக் கொக்கிகள் உண்டு. புது ரூட்டரிலிருந்து ஆக்சஸ் பாயிண்டுகளுக்குப் போகும் ஒயரை அதிலேயே கோத்து, ஜன்னல் கம்பிகளுக்குள் நுழைத்து, மாடியின் பின்கோடியில் இருக்கும் மச்சு அறை வரைக்கும் இழுத்தேன். அங்கே மாட்டிய ஆக்சஸ் பாயிண்டில் நீல விளக்கு எரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. என்னைவிட அப்பாவுக்கு. போனில் வீடியோவை ஓடவிட்டபடி முன்வாசலில் இருந்து பின்வாசலுக்கு நடந்துபோய், "டேய், இங்கிட்டும் நிக்காம ஓடுதுடா!" என்று கத்தினார்.

பழைய ரூட்டரைக் கழற்றப் போனேன். அம்மா விடவில்லை. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவள் வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் காய்ந்து கிடந்தன.

"இத்தன வருசம் ஒழச்சிருக்கு. லைட்டாச்சும் எரியட்டும், கெடக்கட்டும் விடு."

சரியென்று முகப்பு மேஜையிலேயே விட்டேன். வேலை எதுவும் இல்லாமல் பச்சை விளக்கை மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை என் மனைவி மச்சு அறையில் மீட்டிங்கைத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் வானம் கறுத்தது. ஓடு அதிர ஓர் இடி. பதறிக்கொண்டு முகப்புக்கு ஓடினேன். அம்மா கையில் பிளக்கோடு நின்றாள்.

"புடுங்கிட்டியா!"

"பின்ன? இடி இடிக்குதுல்ல."

எனக்கு உயிரே போய்விட்டது. மாடிப்படியில் தாவி ஏறி மச்சு அறைக் கதவில் காதை வைத்தேன். உள்ளே அவள் குரல் தடங்கலே இல்லாமல் இங்கிலீஷில் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் உறைத்தது. அம்மா பிடுங்கியது பழசை! அங்கேயே குதித்தேன். பின்னால் அப்பா வந்தார். "என்னடா ஆச்சு?" என்று அம்மாவும் வந்துவிட்டாள், அந்தப் பழைய ரூட்டரை முற்றத்து மழையில் நனையாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டு.

மீட்டிங் முடிந்து கதவு திறந்தது. மூன்று பேரும் வாசலில் நிற்பதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அங்க மழை பெய்யுதான்னு மேனேஜர் கேட்டாருங்க."

"அவ்வளவுதானா? வேற?"

அம்மா கையில் இருந்த முந்தானை மூட்டையை அவள் ஒரு தரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஹாஸ்டல் ரூமைக் காலி பண்ணணும். எப்பப் போயி சாமான எடுத்துட்டு வரலாமுங்க?"